ரயில் வராத ஊரிலிருந்து பழைய ரயில் பாதைகளைப் பற்றி ஒரு நீண்ட த்ரெட்

எங்க ஊர் வெள்ளகோவில். ரயில் கிடையாது. ரயில் ஏறணும்னா ஈரோடு போகணும், இல்லைன்னா கரூர், திருப்பூர். பல வருஷமா பேச்சில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிற ஈரோடு–பழனி பாதைகூட காங்கேயம், தாராபுரம் வழியாகத்தான். எங்க பக்கம் எட்டிப் பார்க்காது. அப்படிப்பட்ட ஊர்க்காரன் கைவிடப்பட்ட ரயில் பாதைகளைப் பற்றி ஏன் இவ்வளவு நீளமா எழுதறான்னு கேட்டா, காரணம் சர்க்கரை நோய்.

சுத்தி வளைச்சுத்தான் விஷயத்துக்கு வருவேன். நேரம் இருக்கும்போது படிங்க.

நான் அரசு மருத்துவமனை டாக்டர். வெறும் எம்பிபிஎஸ். என் ஓபியில் பாதிக்கு மேல் சர்க்கரை, பிபி. மாத்திரை எழுதி முடிச்சதும் கடைசி வரியா "தினமும் 30 நிமிடம் நடக்கவும்" என்று எழுதுவேன். எல்லா டாக்டரும் எழுதற வரிதான்.

போன வருஷம் ஒரு அம்மா, வயசு அறுபது இருக்கும், சீட்டைக் கையில வச்சுக்கிட்டு கேட்டாங்க. "ஏனுங் சார், மாத்திரை எங்க வாங்கோணும்னு சொல்லிட்டீங்க. நடக்கறது எங்கீங்க?"

கிண்டல் இல்லை. நிஜமான சந்தேகம். அவங்க வீடு மெயின் ரோட்டு மேல. தேசிய நெடுஞ்சாலை 81, கோவையிலிருந்து திருச்சி போற ரோடு, ஊருக்குள்ள புகுந்துதான் போகுது. வெள்ளைக் கோட்டுக்கு வெளிய ஒன்றரை அடி மண். அதிலயும் நிறுத்தின பைக், பேக்கரி டேபிள், நூல் இறக்கற டெம்போ. தெருவுக்குள்ள திரும்பினா நாய். விடியக்காலை இருட்டு. சாயங்காலம் நடந்தா "எங்க அத்தை கிளம்பிட்டீங்க, யாரைப் பாக்கப் போறீங்க"ன்னு தெரு முழுக்க விசாரணை. இந்தக் கடைசிப் பிரச்சினை பெண்களுக்கு மட்டும்.

தறிக்குப் போற ஒருத்தர் இன்னொரு கேள்வி கேட்டார். "சார், பன்னண்டு மணி நேரம் எட்டு தறிக்கு நடுவுல நடந்துக்கிட்டேதானுங்க இருக்கறேன். அது கணக்குல வராதுங்களா?"

நல்ல கேள்வி. கணக்கில் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்படி வேலையில் அசைவதும் அசைவுதான். ஆனா தறி ஓட்டறப்போ நாலு அடி நடந்து, நின்னு, அறுந்த நூலைக் கட்டி, திரும்ப நாலு அடி. இதயத் துடிப்பு ஏறி அங்கேயே கொஞ்ச நேரம் நிற்கிற வேலை அது இல்லை. மூச்சு லேசா வாங்கணும், பேச முடியணும், பாட்டுப் பாட முடியக்கூடாது. அந்த வேகத்தில் வாரத்துக்கு 150 நிமிடமாவது வேணும். தறிச் சத்தத்தில் பாட முடியாதுதான், அது வேற.

நடப்பது சும்மா சாஸ்திரத்துக்குச் சொல்ற அறிவுரை இல்லைங்கறதுக்கு வெளிநாட்டு ஆதாரம் தேடிப் போக வேண்டியதில்லை. சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு செய்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-ல் வெளிவந்தது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூணு வருஷம் கவனிச்சாங்க. உணவு மாற்றம் பிளஸ் நடை என்று போனவர்களுக்கு நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. மெட்பார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு 26.4 சதவீதம். அதாவது நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் மாத்திரைக்குச் சளைக்கலை. 2023-ல் வந்த ஐசிஎம்ஆர் ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை என்று சொல்லுது. மாத்திரையை நம்ம அரசு மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருது. நிஜமாவே நல்ல திட்டம். நடக்கிற இடத்தை யாரும் வாசலுக்குக் கொண்டுவர முடியாது. அது ஊரில் இருக்கணும்.

இல்லாத ஊரில் என்ன ஆகும்? ஒருத்தர், ஐம்பது வயசு, எண்ணெய் மில்லில் கணக்கு எழுதறவர். என் நோயாளிகளில் சொன்னதைச் சொன்னபடி செய்யற அபூர்வப் பிறவி. காலை ஐந்தரைக்கு ரோட்டோரமா நடப்பார். ஆறு மாசத்தில் மூணு மாச சராசரி சர்க்கரை 9.4-லிருந்து 7.1-க்கு வந்தது. ஒரு நாள் காலை என் டியூட்டி முடியற நேரம் ஸ்ட்ரெச்சரில் அவரையே கொண்டுவந்தாங்க. பின்னாடியிருந்து ஒரு பால் வண்டி. முழங்காலுக்குக் கீழ ரெண்டு எலும்பும் போயிடுச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, ராடு வச்சு, உயிரோட இருக்கார். நடக்கிறார். ஆனா வீட்டுக்குள்ள மட்டும். சர்க்கரை திரும்ப ஒன்பதுக்கு மேல.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1.68 லட்சம் பேர். ஏறக்குறைய ஐந்தில் ஒருத்தர் நடந்து போனவர். அதில் எத்தனை பேர் டாக்டர் சொல்லி நடந்தவங்கன்னு யாரும் கணக்கெடுக்கலை.

சரி, இப்ப ரயிலுக்கு வர்றேன்.

நடக்கிறவருக்கு என்ன வேணும்னு யோசிச்சா, ரொம்ப எளிமை. வண்டி வரக்கூடாது. மேடு பள்ளம் கூடாது, முட்டி தேஞ்சவங்க நிறைய. நடுவுல அறுந்து போகக்கூடாது, ஒவ்வொரு முந்நூறு அடிக்கும் ரோடு கிராஸ் பண்ணச் சொன்னா யாரும் தொடர்ந்து வர மாட்டாங்க. ஊரை ஒட்டி இருக்கணும், ஆனா ரோட்டை ஒட்டி இருக்கக்கூடாது.

இந்த நாலும் ஒண்ணா அமைஞ்ச ஒரே பொது நிலம் ரயில் பாதை. யாரும் நடையை மனசில் வச்சுக் கட்டலை. ரயிலால் ஏற முடியாது, அதுதான் காரணம். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் உயர்ந்தாலே ரயிலுக்கு அது கணிசமான ஏற்றம். நம்ம ஆஸ்பத்திரி வாசல்ல வீல்சேர் சாய்தளம் பன்னிரண்டுக்கு ஒண்ணு வரை போகலாம்னா பார்த்துக்கோங்க. அதனால மேட்டை வெட்டி, பள்ளத்தில் மண் கொட்டி, ஓடைக்குப் பாலம் போட்டு, வளைவை நீளமா இழுத்து, பல கிலோமீட்டருக்கு ஒரே மட்டமா நிலத்தைச் சமப்படுத்தி வச்சிருக்காங்க. ரயில் நின்னு போனா அந்த உழைப்பு அப்படியே கிடக்கும். செம்மண் மேடா, கருவேல மரத்துக்கு நடுவுல.

அதைத்தான் உலகத்தில் பல ஊர்க்காரங்க நடைபாதையா, சைக்கிள் பாதையா மாத்தியிருக்காங்க. எல்லாரும் சொல்ற உதாரணம் நியூயார்க்கின் ஹை லைன். 2009-ல் திறந்தது, ரெண்டேகால் கிலோமீட்டர், தூண் மேல ஓடின பழைய சரக்கு ரயில் பாதை. போட்டோவில் ரொம்ப அழகு. ஆனா சைக்கிளுக்கு அனுமதி இல்லை, சுத்து வட்டாரத்தில் வாடகை எகிறிப்போச்சு. என் ஓபிக்கு அது உதவாது. இங்கிலாந்தில் பிரிஸ்டல்–பாத் பாதை எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1979-ல் தன்னார்வலர்கள் மண்வெட்டியோட இறங்கி, துண்டு துண்டா போட்டு, 1986 வாக்கில் முடிச்சாங்க. 21 கிலோமீட்டர்.

நான் நேரில் பார்த்தது சிங்கப்பூர் பாதை. 2023-ல் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். (அரசு டாக்டர் வெளிநாடு போக என்ஓசி வாங்கற கதை தனி த்ரெட், அதை ரிட்டயர் ஆனதும் எழுதறேன்.) மாப்பிள்ளை ஞாயித்துக்கிழமை காலையில புக்கிட் தீமா பக்கம் கூட்டிட்டுப் போனார். ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷன், 1932-ல் கட்டினது, நம்ம ஊர் கிராமத்து ஸ்டேஷன் மாதிரியே. முன்னாடி கொஞ்ச தூரம் தண்டவாளம் அடையாளத்துக்கு விட்டு வச்சிருக்காங்க. பக்கத்தில் ரோட்டுக்கு மேல கறுப்பு இரும்புப் பாலம், அதில் இப்ப மனுஷங்க நடக்கறாங்க. பாலம் தாண்டினா ரெண்டு பக்கமும் மரம், நடுவுல புல்லும் ஜல்லித் தூளும் கலந்த பாதை. கிரானைட் இல்லை, பேவர் பிளாக் இல்லை, கலர் கலர் டைல்ஸ் இல்லை. எழுபது வயசுச் சீனத் தாத்தா ஒருத்தர் என்னைத் தாண்டிப் போனார். எனக்கு மூச்சு வாங்குச்சு, அவருக்கு இல்லை.

அந்தப் பாதையின் கதை முக்கியம். சிங்கப்பூருக்குள்ள ஓடினாலும் அது மலேசிய ரயில்வேயின் நிலம். 1990-லேயே ஒப்பந்தம் போட்டு, இருபது வருஷம் இழுத்து, 2010-ல் ரெண்டு பிரதமரும் உட்கார்ந்து பேசி முடிச்சாங்க. 2011 ஜூன் 30 ராத்திரி கடைசி ரயில். ஜோகூர் சுல்தான் தானே ஓட்டிக்கிட்டுப் போனார். மறுநாளிலிருந்து உட்லண்ட்ஸ் முதல் தஞ்சோங் பகார் வரை 24 கிலோமீட்டர் நிலம் சிங்கப்பூர் கையில். நிலத்துக்கு அலையற நாடு அது. துண்டு போட்டு வித்திருந்தா எத்தனை கோடி வந்திருக்கும்! அங்குள்ள இயற்கைச் சங்கம் ரயில் நிக்கறதுக்கு முன்னாடியே, 2010-லேயே, "முழுசா விட்டு வையுங்க, பசுமைப் பாதையா இருக்கட்டும்"னு அறிக்கை கொடுத்துச்சு. அரசு கேட்டுச்சு. இன்னைக்கு அதுக்கு அடியில ஒரு பகுதியில் குடிநீர்க் குழாயும் போகுது. மேல நடை, கீழ தண்ணீர். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

நம்ம ஆளுங்களுக்கும் அந்தப் பாதையில் பங்கு உண்டு. குவீன்ஸ்டவுன் பக்கம் இப்ப பெரிசா நிக்கற ஸ்ரீ முனீஸ்வரன் கோவில், ரயில்வேயில் வேலை பார்த்த இந்தியத் தொழிலாளர்கள் தண்டவாளத்தோரம் வச்சுக் கும்பிட்ட சின்னக் கொட்டகைக் கோவிலா ஆரம்பிச்சது. ரயில் போயிடுச்சு, முனீஸ்வரன் இருக்கார்.

இப்ப தமிழ்நாட்டுக்கு வாங்க. கைவிட்ட பாதை இங்க இல்லையா? இருக்கு. மயிலாடுதுறை–தரங்கம்பாடி. 1926-ல் போட்டது, 30 கிலோமீட்டர், மீட்டர் கேஜ். செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார், கடைசியில் கடல். அறுபதாம் கல்யாணத்துக்கு ரயிலில் போய் திருக்கடையூரில் இறங்கியிருக்காங்க ஜனங்க. 1986-ல் நிறுத்திட்டாங்க.

என்கூட எம்பிபிஎஸ் படிச்ச ஒரு நண்பன் பொறையார் பக்கம். ஒரு தடவை அவன் ஊருக்குப் போனப்போ பைக்கில் கூட்டிப்போய்க் காட்டினான். சில இடத்தில் மண் மேடு தெளிவா தெரியுது. சில இடத்தில் வயலோட வயலா கலந்துடுச்சு. சில இடத்தில் வீடு. நான் சிங்கப்பூர் மயக்கத்தில், "டேய், இதை அப்படியே சைக்கிள் பாதை ஆக்கலாம்டா, மயிலாடுதுறையிலிருந்து டேனிஷ் கோட்டை வரைக்கும்"னு ஆரம்பிச்சேன். அவன் ஒரே வரியில் முடிச்சான். "எங்களுக்குப் பார்க் வேண்டாம்டா. ரயில் வேணும்."

நியாயம். அந்தப் பக்கத்து ஜனங்க திரும்பத் திரும்பக் கேட்கறது ரயிலைத்தான். நடைபாதை போட்டுட்டா "அதான் பார்க் கொடுத்துட்டோமே"ன்னு ரயிலை மறந்துடுவாங்களோங்கற பயம் அவங்களுக்கு இருக்கு.

ஆனா இந்தப் பயத்துக்கு ஒரு பதில் ஏற்கெனவே இருக்கு, நம்ம ஊரில் அதிகம் பேசப்படாத பதில். அமெரிக்காவில் 1983-ல் ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தாங்க. அங்க ரயில் கம்பெனிகள் வரிசையா பாதைகளை மூடிக்கிட்டிருந்த காலம். மூடினா நிலம் துண்டு துண்டா பக்கத்துத் தோட்டக்காரங்க கைக்குப் போயிடும். அதனால சட்டம் என்ன சொல்லுச்சுன்னா, ரயில் ஓடாத பாதையை நடைபாதையா பயன்படுத்தலாம், ஆனா சட்டத்தின் கண்ணில் அது கைவிடப்பட்ட பாதை ஆகாது. நாளைக்கே ரயில் வேணும்னா தண்டவாளம் திரும்பப் போடலாம். அதாவது ரயில் பாதையை பேங்கில் போட்டு வைக்கிற மாதிரி. பக்கத்து நிலக்காரங்க வழக்குப் போட்டாங்க. 1990-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும்னு சொல்லிடுச்சு.

நான் சொல்ல வர்றது இதுதான். நடைபாதை ரயிலுக்குப் போட்டி இல்லை. ரயில் திரும்ப வர்ற வரைக்கும் அந்த நிலத்துக்குக் காவல். தினமும் நாலு பேர் நடக்கிற வழியில் யாரும் சுவர் எழுப்ப முடியாது. எழுப்பினா அன்னைக்கே நாலு பேருக்குத் தெரியும்.

காவல் இல்லாம விட்டா என்ன ஆகும்னு பார்க்க தர்மபுரி போங்க. மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-லேயே சின்ன ரயில் ஓடுச்சு, அப்புறம் ஓசூர் வரை நீட்டினாங்க. ரெண்டாம் உலகப்போர் சமயத்தில் தண்டவாளத்தைப் பிரிச்சு எடுத்துட்டாங்க. அதே மொரப்பூர்–தர்மபுரிக்கு 36 கிலோமீட்டர் புதுப் பாதைக்கு 2019-ல் அடிக்கல் நாட்டி, நிலம் கையகப்படுத்தற வேலையில் மாட்டிக்கிட்டாங்க. நூறு வருஷத்துக்கு முன்னாடி ரயில் போன ஊருக்கு இப்ப வழி தேடணும். இதுக்கு நேர் எதிர் மன்னார்குடி. நீடாமங்கலம்–மன்னார்குடி பாதை 1976-ல் மூடினது, 2011-ல் மறுபடி ரயில் வந்துடுச்சு. யாழ்ப்பாணம் இன்னும் பெரிய உதாரணம். 1990-லிருந்து ரயில் இல்லை, போரில் தண்டவாளம் கட்டை எல்லாம் பதுங்குகுழிக்குப் போயிடுச்சு. இரும்பு போனாலும் வழி மிச்சமிருந்தது. 2014 அக்டோபரில் யாழ்தேவி திரும்ப வந்தது.

தண்டவாளத்தைத் திரும்ப வாங்கலாம். நீளமான, அறுபடாத நிலத்தைத் திரும்ப வாங்கறது கிட்டத்தட்ட முடியாது. நரம்பு மாதிரி அது. எலும்பை ராடு வச்சு ஒட்டிடலாம், நடுவில் ரெண்டு இஞ்ச் காணாமப் போன நரம்பை ஒட்டறது வேற கதை.

இன்னொரு பக்கம், நம்ம ரயில்வேயின் காலி நிலத்தைக் கவனிக்கன்னே ஒரு ஆணையம் இருக்கு, 2005 சட்டத் திருத்தத்தில் உருவானது. அதன் வேலை காலி நிலத்தை வணிகரீதியா மேம்படுத்தி வருமானம் பார்க்கறது. ரயில்வேக்குப் பணம் வேணும்தான், அதில் தப்பில்லை. ஆனா ஸ்டேஷன் பக்கத்து நாலு ஏக்கர் சதுர நிலமும் 30 கிலோமீட்டர் நீளமான பாதை நிலமும் ஒண்ணு இல்லை. முதலாவதில் ஷாப்பிங் காம்ப்ளக்ஸ் கட்டலாம். ரெண்டாவதின் மதிப்பே அது அறுபடாம இருக்கறதுதான். இந்த வித்தியாசத்தை எழுதி வைக்கிற ஒரு விதி நமக்கும் வேணும்.

பாம்பன் பழைய பாலத்தை நடைபாதை ஆக்கலாமேன்னு யாராவது கமெண்ட்டில் கேட்பீங்க, அதனால முன்னாடியே சொல்லிடறேன். 1914-ல் திறந்தது, 2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல, 2022 டிசம்பரோட ரயில் நின்னது, 2025 ஏப்ரலில் பக்கத்தில் புதுப் பாலம் வந்தாச்சு. எனக்கும் அந்தப் பாலத்தின் மேல் பாசம் உண்டு. ஆனா உப்புக் காத்தில் நூறு வருஷம் நின்ன இரும்பு. அதைப் பெயின்ட் அடிச்சுக் காப்பாத்தவே வருஷா வருஷம் பெரிய செலவு ஆகும். அங்க நடக்கப் போறது சுற்றுலாப் பயணி, ஒரே ஒரு தடவை, செல்ஃபிக்காக. ஒரு துண்டை நினைவுச் சின்னமா கரையில் வைக்கட்டும். அந்தப் பணத்தில் தினமும் நடக்கிற வழி நூறு ஊருக்குப் போடலாம்.

சரி, ரயிலே வராத வெள்ளகோவிலுக்கு இதில் என்ன இருக்கு?

எங்ககிட்ட ரயில் பாதை இல்லை, வாய்க்கால் இருக்கு. பிஏபி வெள்ளகோவில் கிளை வாய்க்கால். கொஞ்சம் வடக்கே போனா கீழ்பவானி, பவானிசாகரிலிருந்து 200 கிலோமீட்டர். ரயிலாவது நூறுக்கு ஒண்ணு ஏறும். தண்ணிக்கு அதுகூடக் கூடாது, மெல்ல மெல்ல இறங்கிக்கிட்டே போகணும். அதனால வாய்க்கால் கரை ரயில் பாதையைவிட மட்டம். நீளம். அறுபடாதது. பொது நிலம். கரை மேல ஜீப் போற அளவுக்கு மண் பாதை ஏற்கெனவே இருக்கு, பாசன அதிகாரிங்க போறதுக்குப் போட்டது.

இதில் எனக்குப் பிடிச்ச ஒரு விஷயம் சொல்றேன். எங்க வாய்க்காலுக்குத் தண்ணி அனுப்பற பரம்பிக்குளம் காட்டுக்கு ஒரு காலத்தில் டிராம் பாதை இருந்தது. கொச்சி சமஸ்தானம் தேக்கு இறக்கறதுக்காகப் போட்டது, சாலக்குடி வரைக்கும் ஏறக்குறைய 80 கிலோமீட்டர், 1907-லிருந்து 1963 வரை ஓடினது. நஷ்டம்னு மூடி, இரும்பை வித்துட்டாங்க. அங்கிருந்து தேக்கு இறங்கறது நின்னு, தண்ணி இறங்க ஆரம்பிச்சது.

எங்க ஊர்க்காரங்களுக்குத் தெரியும், நாங்க கடைமடை. பிஏபி நாலு மண்டலமா பிரிச்சு, சுற்று வரும்போதுதான் தண்ணி. மத்த நாளெல்லாம் வாய்க்கால் காஞ்சு கிடக்கும். கரை சும்மாதான் இருக்கு.

"சும்மா இருக்கு"ன்னு நான் சொன்னதும் ஒரு விவசாயி அண்ணன் என்னைப் பிடிச்சுக்கிட்டார். "டாக்டருங்க, கரை சும்மா இல்லீங்க. என் டிராக்டர் போறது அதிலதான். தேங்காய் ஏத்தறது அதிலதான். ஆடு மேயறது அதிலதான். நாளைக்கு நீங்க கம்பி போட்டு, கேட்டு போட்டு, வாக்கிங் டிராக்னு போர்டு வச்சீங்கன்னா நாங்க எங்க போறது?"

அவர் சொல்றது முழுக்கச் சரி. அதனால நான் கேட்கறது பார்க் இல்லை. கம்பி வேண்டாம். டைல்ஸ் வேண்டவே வேண்டாம். எட்டு போட்டுக் கூழாங்கல் பதிச்ச நடைபாதையும் வேண்டாம், சர்க்கரைக்காரங்க கால் உணர்ச்சி இல்லாம அதில் வெறுங்காலோட நடந்து புண்ணாகி வர்றதை நிறையப் பார்த்தாச்சு. கிராவல் கொட்டி ரோலர் ஓட்டினா போதும். ஊரை ஒட்டின மூணு நாலு கிலோமீட்டர். லாரி மட்டும் போக முடியாதபடி ஒரு கல். தண்ணி ஓடற பக்கம் வழுக்கற இடத்தில் மட்டும் ஒரு தடுப்பு. நாலு வேப்ப மரம், ரெண்டு புங்கை. டிராக்டர் அதன் பாட்டுக்குப் போகட்டும், வருஷத்தில் எத்தனை நாள் போகுது? ஆடும் மேயட்டும், ஆட்டால் யாருக்கும் கால் உடைஞ்சதில்லை.

சைக்கிளும் இருக்கு. பதினொண்ணாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள் எங்க பக்கம் வீட்டுக்கு ஒண்ணு கிடக்கு, பால் கேன் கட்டி, இல்லைன்னா மாட்டுக் கொட்டாயில் சாஞ்சு. பிளஸ் டூ முடிச்ச பொண்ணு அதை எடுத்துக்கிட்டு கம்பெனி வேன் நிக்கற இடம் வரைக்கும் போறதுக்குக்கூட இந்த ரோட்டில் அம்மாக்காரி விட மாட்டேங்கறாங்க. கரைப் பாதையில் விடுவாங்க.

2023 நவம்பரில் தமிழக அரசு "நடப்போம் நலம் பெறுவோம்"னு மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை தொடங்கினது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 38 மாவட்டம். யோசனை அருமை. ஆனா மாவட்டத் தலைநகர் எங்களுக்கு 45 கிலோமீட்டருக்கு மேல. பஸ்ஸில் ஒண்ணேகால் மணி நேரம் உட்கார்ந்து போய் எட்டு கிலோமீட்டர் நடந்துட்டு வர முடியாதுங்க. அடுத்த கட்டமா பேரூராட்சி, நகராட்சி அளவுக்கு இறங்கணும். இறங்கும்போது புதுசா ரோட்டோரம் கோடு போடறதைவிட, ஏற்கெனவே நீளமா கிடக்கிற பொது நிலங்களை எடுக்கணும். ரயில் ஊரில் பழைய ரயில் பாதை, எங்க மாதிரி ஊரில் வாய்க்கால் கரை.

இப்ப நாங்க ஏழெட்டுப் பேர் ஞாயித்துக்கிழமை காலையில கரையில் நடக்கறோம். கேள்வி கேட்ட அந்த அம்மாவும் மருமகளோட ரெண்டு வாரம் வந்தாங்க. பாசனப் பிரிவில் ஒரு மனு கொடுத்திருக்கோம். மனு எந்த மேசையில் இருக்குன்னு தெரியும், அது நகரும்போது சொல்றேன்.

நீங்களும் உங்க ஊர்க் கரையில் இறங்கறதா இருந்தா டாக்டரா நாலு வார்த்தை. வெளிச்சம் வந்தப்புறம் போங்க, இல்லைன்னா டார்ச் கட்டாயம். கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் நமக்கு முன்னாடி அந்தக் கரையில் குடியிருக்கறவங்க. மூடின ஷூ போடுங்க. பாம்பு கடிச்சா கயிறு கட்டாதீங்க, கத்தி வைக்காதீங்க, உறிஞ்சாதீங்க. கடிபட்ட கை காலை அசைக்காம நேரா அரசு ஆஸ்பத்திரி, 108. மருந்து அங்கதான் இலவசமா இருக்கு. சர்க்கரைக்காரங்க எம்சிஆர் செருப்போட நிறுத்திக்காதீங்க, கரைக்குப் பின்பக்கமும் மூடினது வேணும், வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்க. இன்சுலின் போடறவங்க பாக்கெட்டில் ரெண்டு சாக்லேட். நடக்கும்போது நெஞ்சு இறுகினா, அது தாடைக்கோ இடது கைக்கோ போனா, அங்கேயே உட்காருங்க, வாயுன்னு நினைச்சு வீட்டுக்கு நடந்து வராதீங்க.

வாய்க்காலில் தண்ணி விடற நாளில் குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போகாதீங்க.

உங்க ஊரில் ரயில் நின்னு போன பாதை இருந்தா கமெண்ட்டில் எழுதுங்க. எங்கிருந்து எங்க, எந்த வருஷம் நின்னது, இப்ப அதில் நடக்க முடியுதா, நடுவுல எந்த இடத்தில் அறுந்திருக்கு. போட்டோ இருந்தா போடுங்க. வீட்டில் பெரியவங்க அதில் ரயில் ஏறிப் போயிருந்தா அதையும் கேட்டு எழுதுங்க. மயிலாடுதுறைக்காரங்க முதலில் வாங்க, என் நண்பன் கமெண்ட்டில் சண்டைக்குக் காத்துக்கிட்டு இருக்கான்.